படுக்கை காலியில்லை

பாய்லரின் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போனது தன் தம்பிதான் என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வேறு எந்தத் திருடனாக இருந்தாலும் குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பான். கடை முழுக்கத் தண்ணீர் நின்றிருக்கும். இவன் வால்வை இறுக மூடி, அறுத்த முனையில் பழந்துணி சுற்றிக் கட்டி, சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு வாளியும் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"திருட வந்தவனுக்கு அக்கறையப் பாரு," என்று அவள் வாளியை எட்டி உதைத்தாள். வாளி கவிழ்ந்து தண்ணீர் அவள் செருப்புக்குள்ளேயே போனது.

தெருவில் எல்லோருக்கும் அவள் லாண்டரி அக்கா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளும், தொழிற்சாலைக்காரர்களின் நீலச் சீருடைகளும் அவள் கடையில்தான் வெளுத்தன. இரண்டு பெரிய டிரம், ஒரு பிழியும் இயந்திரம், நீராவியில் ஓடும் தேய்ப்பு மேசை. நீராவி இல்லையென்றால் எல்லாமே வெறும் இரும்பு. அன்று காலையில் விடுதி விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தன. மழைக்காலம் வேறு. வெளியே காயப்போடவும் வழியில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த அவள் வீட்டுக்காரர் அறுந்த முனையையும் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"மார்க்கெட் பக்கம் ஒருத்தன் மிஷின் வெச்சிருக்கான். அவன் கால்ல விழுந்தாவது வெளுத்து வாங்கணும். விடுதிக்காரன் நம்ம கதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பானா?"

"இந்த வாட்டி நான் போலீஸுக்குப் போறேன்."

அவர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. உன் தம்பி, உன் கடை. நாளைக்கு அக்கா புருஷன்தான் புடிச்சுக் குடுத்தான்னு ஒரு பேச்சு வரக்கூடாது. அவ்வளவுதான்."

தம்பிக்குத் தெருவில் 'ஒயரு' என்று பெயர். ஒரு காலத்தில் நல்ல தொழில் தெரிந்த எலெக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனது. வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை வலியைத் தின்றுவிட்டு அவனையும் தின்ன ஆரம்பித்தது. டாக்டர் நிறுத்தியபின் தெருமுனையில் வாங்கினான். ஒயர் மாட்டிய கையாலேயே ஒயரை உருவி, மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் செம்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டான். 'ஒயரு வந்து மாட்டுவான், ஒயரு வந்து கழட்டுவான், ரெண்டுக்கும் அவன்தான் கூலி வாங்குவான்' என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவள் உள்ளே வந்தால் சிரிப்பு நிற்கும்.

அவன் பிடிபடாமலும் இல்லை. எதிர்க் கடை ஹார்டுவேர்க்காரர் ஒரு முறை கையும் களவுமாகப் பிடித்தார். கட்டட வேலை நடந்த இடத்தில் இன்னொரு முறை. இரண்டு முறையும் ஸ்டேஷனில் ஒரு சீட்டுக் கொடுத்து, 'கோர்ட்டுக்கு வா' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, எச்சரிக்கை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டான். சின்னத் திருட்டுக்கு உள்ளே போடக்கூடாது என்பது அப்போதைய சட்டம். அதற்கு முந்தைய சட்டம் வேறு மாதிரி. அவர்கள் அப்பாவின் கூட்டாளி ஒருவர் சைக்கிள் திருடப்போய் தலை நரைத்துத்தான் வெளியே வந்தார். சிறைகள் பிதுங்கி வழிந்தபோது சட்டத்தைத் தளர்த்தினார்கள். கடைக்காரர்கள் கொதித்து எழுந்தபோது மறுபடியும் இறுக்கினார்கள். கடையடைப்பு ஊர்வலத்தில் அவளும் நடந்தாள். திருடனுடைய அக்கா அட்டை பிடித்துக்கொண்டு போகிறாளே என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

புதுச் சட்டம் வந்த அன்று வீட்டுக்காரர்தான் பேப்பரைப் படித்துச் சொன்னார். "மூணாவது வாட்டி மாட்டினா, பொருள் எவ்வளவு சின்னதா இருந்தாலும் பெரிய கேஸாம். ஜெயில்தானாம். ஆனா போதைப் பழக்கம் இருக்கறவன்னா, குத்தத்த ஒத்துக்கிட்டா கோர்ட்டே சிகிச்சைக்கு அனுப்புமாம். முழுசா முடிச்சுட்டு வந்தா கேஸையே எடுத்துடுவாங்களாம்."

அந்தக் கடைசி வரியை அவள் மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். முன்பு அவளே அவனைச் சிகிச்சைக்கு இழுத்துக்கொண்டு போனதுண்டு. ஒவ்வொரு தடவையும் சில நாளில் சுவரேறிக் குதித்து வந்துவிட்டான். 'விருப்பமில்லாதவரைப் பிடித்து வைக்க எங்களுக்கு அதிகாரமில்லை' என்றார்கள். கோர்ட் பிடித்து வைத்தால் இருப்பான் அல்லவா?

ஸ்டேஷனில் ரைட்டர் புகாரை எழுதிக்கொண்டார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"சந்தேகம் இல்லைங்க. தெரியும். என் தம்பி."

அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். "அவனுக்கு இது மூணாவது. தெரியும்ல?"

"தெரிஞ்சுதாங்க வந்திருக்கேன். சிகிச்சைக்கு அனுப்புவாங்கன்னு போட்டிருந்துச்சு."

"போட்டிருக்கும்," என்றார் ரைட்டர். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தை அவள் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

மறுநாளே பழைய இரும்புக் கடைச் சந்தில் அவனைப் பிடித்தார்கள். அவள் போனபோது ஸ்டேஷன் பெஞ்சில் கையைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைக்காலர் கழுத்தைவிட்டு விலகித் தொங்கியது. அவள் தைத்துக் கொடுத்த பட்டன் மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, வால்வ மூடிட்டுத்தான் போனேன்."

"பெரிய தியாகி. மூட்டை மூட்டையா துணி வந்து கெடக்குது. உன் மாமா எவன் கடையிலயோ போய் நின்னு கெஞ்சறாரு."

"மாமா என்ன சொன்னாரு?"

"அவரு என்னைக்குடா வாயத் தொறந்து சொல்லியிருக்காரு? நான்தான் எழுதிக் குடுத்தேன். உன் மேல."

அவன் தலையைத் தூக்கினான். அவள் முகத்தில் எதையோ தேடினான். பிறகு, "சரி," என்றான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அங்கேதான் முதல் முடிச்சு விழுந்தது. அவன் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் மாத்திரை இருந்தது. புதுச் சட்டத்தில் விற்பவனுக்குத் தனிப் பிரிவு, தனித் தண்டனை. விற்பவன் என்று எழுதிவிட்டால் சிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவன் பையில் இவ்வளவு இருந்தால் அவன் தின்பவனா, விற்பவனா? இன்ஸ்பெக்டர் விற்பவன் என்றார். அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒரு சின்னப் பெண். கைப்பையில் எப்போதும் பிஸ்கட் பொட்டலம் வைத்திருப்பாள். சாப்பிட நேரமில்லாமல் படியேறும்போதே கடித்துக்கொண்டு போவாள். அவள் ஒரு வாரம் முட்டி மோதி, தராசு வைத்திருந்தானா, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தானா, எவனாவது வாங்கினேன் என்று சொன்னானா என்று கேட்டுக் கேட்டே, சொந்த உபயோகத்துக்கு என்று எழுத வைத்துவிட்டாள்.

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கோர்ட் வராந்தாவிலேயே அழுதாள். நீதிபதி தம்பியைக் கேட்டார், அவன் ஒப்புக்கொண்டான், சிகிச்சைக்கு அனுப்ப உத்தரவானது.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

வக்கீல் பெண் பிஸ்கட்டை மென்று விழுங்கினாள். "கோர்ட் ஒத்துக்கற சென்டர்ல படுக்கை காலியாகணும்க்கா."

"எப்ப காலியாகும்?"

"இந்தச் சட்டம் வந்ததுலருந்து எல்லாக் கோர்ட்டும் அனுப்பிட்டே இருக்கு. ஆனா புதுசா ஒரு கட்டில்கூடப் போடல. அதான் பிரச்சனை."

"அது வரைக்கும் இவன்?"

"உள்ளதான்."

அன்றிலிருந்து அவளுக்குப் புதிதாக ஒரு தொழில் சேர்ந்தது. கோர்ட் ஒத்துக்கொள்ளும் சென்டர் என்று வக்கீல் சொன்ன இடங்களுக்கெல்லாம் போனாள். ஒன்று பெண்களுக்கு மட்டும். ஒன்றில் இடுப்பில் அடிபட்டவரைச் சேர்ப்பதில்லை, வலி மாத்திரை கேட்பார்கள் என்றார்கள். "வலி மாத்திரை கேக்கறவனுக்குத்தானேங்க சிகிச்சை?" என்று கேட்டாள். வரவேற்பில் இருந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விதிமுறை என்றான். இன்னொன்று நகரத்துக்கு வெளியே, ஓடு சுடும் கம்பெனிக்குப் பின்னால். அங்கே மட்டும் ஆபீஸில் இருந்த ஒரு பெண் பெயரைப் பதிவு செய்துகொண்டாள்.

"தினமும் காலையில ஆபீஸ் தொறந்ததும் போன் பண்ணணும். பேஷண்டுக்கு இன்னும் இடம் வேணும்னு சொல்லணும். ஒரு நாள் விட்டா பேரு கடைசிக்குப் போயிடும்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு. அன்னிக்குப் பண்ண வேணாம்." ஏதோ பெரிய சலுகை கொடுத்தது போலச் சொன்னாள் அந்தப் பெண்.

அக்கா தினமும் போன் செய்தாள். முதல் டிரம்மில் விரிப்புகளைப் போட்டு, சலவைச் சோடாவைக் கொட்டி, மூடியை அழுத்திவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்துவாள். அந்தப் பக்கம் ஒரே இசை ஓடும். டிரம் பாதி சுற்றிய பிறகு ஒரு குரல் வரும். "படுக்கை காலியில்லை. நாளைக்குக் கூப்பிடுங்க." புதுக் குழாய் போட்டாயிற்று, கடை பழையபடி ஓடியது. துணிக்கு நீலம் போடும்போதும் தேய்க்கும்போதும் அந்த இசை அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் தன்னையறியாமல் அதையே முணுமுணுத்தபோது வீட்டுக்காரர், "அந்தச் சனியன நிறுத்தும்மா," என்று முதன்முறையாகக் கத்தினார். பிறகு அவரே டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

எதிர்க் கடை ஹார்டுவேர்க்காரர் ஒரு நாள் மெனக்கெட்டுத் தெருவைக் கடந்து வந்தார். "லாண்டரிக்கா, உங்க மனசு யாருக்கும் வராது. சொந்தத் தம்பின்னு பாக்காம எழுதிக் குடுத்தீங்க பாருங்க. இப்ப தெருவே நிம்மதியா இருக்கு. என் கடையில ஒரு போல்ட்டு நட்டு காணாமப் போகல. சட்டம் வேலை செய்யுதுக்கா."

"உங்களுக்கு வேலை செய்யுதுண்ணே."

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா…"

"தெரியுதுண்ணே. நானும் உங்க கூடத்தானே ஊர்வலத்துல நடந்தேன். உங்க சட்டை ரெடி. எடுத்துட்டுப் போங்க."

அவர் சட்டையை வாங்கிக்கொண்டு போனார். அவர்மேல் கோபப்பட நியாயமில்லை என்று அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அவர் இழந்ததும் கொஞ்சமில்லை. நியாயமில்லை என்பதாலேயே இன்னும் எரிந்தது.

புகாரை வாபஸ் வாங்கிவிடலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனாள். ரைட்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இது உங்க கேஸ் இல்லம்மா இப்போ. அரசாங்கத்தோட கேஸ்."

"குழாய் என்னோடதுதானேங்க?"

"குழாய் உங்களோடது. குத்தம் அரசாங்கத்தோடது."

"எனக்கு நஷ்டமே இல்லன்னு எழுதித் தர்றேன். நானே எடுத்துக்கச் சொன்னேன்னு எழுதித் தர்றேன்."

"அப்ப பொய்ப் புகார் குடுத்ததுக்கு உங்க மேல கேஸ் வரும். ஜெயில்லயும் இடம் கிடையாதும்மா, பெண்கள் பகுதியும் நிரம்பித்தான் கெடக்கு." அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அலுத்துப்போய்ச் சொன்னார். "நானும் பத்து வருஷமா பாக்கறேன். புடிக்காதேன்னாங்க, புடிக்கல. புடிங்கறாங்க, புடிக்கறோம். புடிச்சவனை எங்க வைக்கறதுன்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் பதில் சொல்றதில்ல."

சிறையில் பார்வையாளர் நாளில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தொலைபேசிக் குழலில் பேச வேண்டும். முதல் சில வாரம் அவன் பேச்சே புரியவில்லை. உடம்பு உதறியது, மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. மருந்து கொடுக்கிறார்களா என்று கேட்டால், "போர்வை குடுத்தாங்க," என்பான். அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தான். யார் உதவியும் இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே, நரகத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டான். கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்தது.

"அக்கா, இங்க என்ன வேலை போட்டிருக்காங்க சொல்லு பாப்போம்."

"என்ன?"

"லாண்டரி." அவன் சிரித்தான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. "விரிப்ப எப்படி மடிக்கறாங்க தெரியுமா? சுருட்டி எறியறானுங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன், மூலைய மூலையோட சேருடான்னு. நீ என் மண்டையில கொட்டிக் கொட்டிச் சொல்லிக் குடுத்தியே, அதேதான்."

"உனக்குக் கொட்டினது பத்தலடா."

"படுக்கை?"

"இன்னும் இல்லடா. தினமும் கேக்கறேன்."

சிரிப்பு போய்விட்டது. "இங்க காத்திருக்கற நாளெல்லாம் சிகிச்சைக் கணக்குல சேராதாம்க்கா. படுக்கை கெடைச்ச நாள்லருந்துதான் ஒண்ணு ரெண்டு மூணு. என் கூட இருக்கறவன் எனக்கு ரொம்ப முன்னாடியே வந்தவன். இன்னும் காத்துக்கிட்டு இருக்கான். அவனுக்குத் தண்டனையே குடுத்திருந்தா இந்நேரம் பாதி முடிச்சிருப்பான்."

"அவன் கதை நமக்கெதுக்கு? நீ பொறுமையா இரு. கிடைச்சுடும்."

"எதுக்குப் பொறுமைன்னு தெரிஞ்சா இருக்கலாம்க்கா," என்றான் அவன்.

அடுத்து வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது நீதிபதி தாளைப் புரட்டிவிட்டு, இன்னும் இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள் வக்கீல் பெண். வேறு தேதி போடப் போனார். அப்போது கூண்டில் நின்றவன் கையைத் தூக்கினான்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

"சொல்லுங்க."

"எனக்குச் சிகிச்சை வேணாங்க. தண்டனையே குடுத்துடுங்க."

வக்கீல் பெண் எழுந்து அவனருகில் ஓடினாள். அக்கா பின் வரிசையிலிருந்து, "டேய், வாய மூடுடா!" என்று கத்திவிட்டாள். கோர்ட் பணியாளர் அவளை உட்காரச் சொன்னார்.

"விளைவு தெரியுமா?" என்றார் நீதிபதி. "சிகிச்சையை முடித்தால் வழக்கே இல்லாமல் போகும். தண்டனை என்றால் அது உங்கள் பெயரோடு கடைசிவரை இருக்கும்."

"தெரியுங்கய்யா. ஆனா அதுக்கு ஒரு முடிவுத் தேதி இருக்குங்க. எந்த நாள்ல வெளிய வருவேன்னு எங்கக்காகிட்ட சொல்ல முடியும். இதுல அது இல்லீங்க. அப்புறம், ஜெயில்ல எவ்வளவு நெரிசலா இருந்தாலும் இடம் இருக்குங்கய்யா. அங்க யாரையும் காத்திருக்கச் சொல்றதில்ல."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்திலும் ஓர் இயலாமை தெரிந்தது. வக்கீலோடு தனியாகப் பேச அவகாசம் கொடுத்தார். திரும்பி வந்தும் அவன் அதையேதான் சொன்னான். பிறகு நீதிபதி தண்டனையை எழுதினார். எழுதுகிற சத்தம் பின் வரிசை வரை கேட்டது.

வெளியே வந்ததும் அக்கா வக்கீல் பெண்ணிடம் சண்டை பிடித்தாள். "நீ தடுத்திருக்கணும். அவனுக்கு என்ன தெரியும்? பைத்தியக்காரன்."

"தடுத்துப் பாத்தேன்க்கா. அவரு கேட்ட ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல."

"என்ன கேட்டான்?"

"எந்த மாசம்னு மட்டும் சொல்லுங்க மேடம், காத்திருக்கேன்னாரு."

அக்காவுக்கு அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை. வக்கீல் பெண் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். இருவரும் படியில் உட்கார்ந்து அதைத் தின்றார்கள்.

மறுநாள் காலையில் அவள் போன் செய்யவில்லை. கை பழக்கத்தில் போனை எடுத்தது, திரும்ப வைத்துவிட்டாள். அதற்கு அடுத்த வாரம், தேய்ப்பு மேசையின் மூடியை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் தானாகவே அடித்தது.

"பேஷண்டோட அக்காவா? ஒரு படுக்கை காலியாயிருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. இல்லைன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்."

மேசையின் மூடிக்குள்ளிருந்து நீராவி புஸ்ஸென்று வெளியேறிக்கொண்டிருந்தது.

"நான் ஒரு வாரமா போனே பண்ணலியேம்மா. பேரு கடைசிக்குப் போயிருக்கணுமே?"

"கம்ப்யூட்டர்ல உங்க பேருதான் மொதல்ல இருக்கு. வர்றீங்களா இல்லையா?"

"வர்றோம். வர்றோம்மா. யாருக்கும் குடுத்துடாதீங்க."

விரிப்பை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். வீட்டுக்காரர் வண்டியில் இருந்த மூட்டைகளைக்கூட இறக்காமல் அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். வக்கீல் பெண் வேறொரு வழக்கில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வரும்வரை அக்கா வராந்தாவில் அங்குமிங்கும் நடந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தீர்ப்பு ஆயிடுச்சேக்கா."

"மாத்தச் சொல்லு. படுக்கை இல்லைன்னுதானே அப்படிச் சொன்னான்? இப்ப இருக்கு."

"மனு போடலாம். போடறேன். இப்பவே எழுதறேன். ஆனா விசாரணைக்கு வரவே மாசக்கணக்காகும். அதுக்குள்ள அந்தப் படுக்கை…"

"அது வரைக்கும் புடிச்சு வைக்கச் சொல்லேன்!"

வக்கீல் பெண் அங்கேயே நின்று சென்டருக்குப் போன் போட்டாள். அதட்டினாள், கெஞ்சினாள், பெரிய பெரிய சட்ட வார்த்தையெல்லாம் சொன்னாள். கடைசியில் போனை வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். வீட்டுக்காரர் வண்டிக்குப் போய், ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். ஹாரன் அலறியது. கோர்ட் வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சாந்தமான மனுஷன் மறுபடியும் அடித்தார்.

பார்வையாளர் நாளன்று, போகும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனாள். சொல்லித்தான் ஆக வேண்டும். மனு போட்டிருக்கிறது, அவனுக்குத் தெரியாமல் எப்படி? நன்றாகத் திட்டவும் வேண்டும். இன்னும் ஒரே வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவன் முகம் கழுவி, தலை வாரியிருந்தான். சட்டைக்கை மடிப்பு கலையாமல் இருந்தது. குழலை எடுத்ததுமே அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, தேதி சொல்லிட்டாங்க. ஒழுங்கா இருந்தா அடுத்த மழைக்கு முன்னாடியே வந்துடலாமாம். என் கூட இருக்கான்னு சொன்னேன்ல, அவன் இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கான். நேத்து என்னைப் பாத்து, நீ பொழைச்சுக்கிட்டடான்னான்." அவன் கண்ணாடிக்கு இன்னும் அருகில் வந்தான். "அந்தச் சென்டர்லருந்து ஏதாவது போன் வந்துச்சா?"

அவள் அவனைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல், மாத்திரையும் உள்ளே இல்லாமல், அவனாக யோசித்து எடுத்த முடிவு அது. மனு நிற்குமோ விழுமோ, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"இல்லடா," என்றாள். "ஒரு போனும் வரல."

"பாத்தியா!" அவன் தொடையில் தட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். "நீயும் அந்த மேடமும் கோர்ட்ல என்னா கத்து கத்தினீங்க. நான் சொன்னது சரியாப் போச்சா?"

"சரிதான்டா," என்றாள் அக்கா. "நீ சொன்னதுதான் சரி."